மார்பக லிஃப்ட்டும் இம்ப்ளான்ட்டும் ஒரே ஆபரேஷன்ல பண்ணிக்கலாமா, இல்ல ரெண்டு தடவையா பிரிச்சு பண்ணணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

கொங்குமல்லி:

வணக்கம்ங்க. இந்த விஷயத்த எங்கம்மாகிட்டயே வாய் விட்டு பேச முடியல, அதான் மூஞ்சி தெரியாத உங்ககிட்ட கேக்குறேன். வயசு 38. ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்குமே ஒன்றரை வருஷத்துக்கு மேல தாய்ப்பால் குடுத்தேன், சின்னவன் இப்ப ஒண்ணாங்கிளாஸ், இனிமே குழந்தை வேண்டாம்னு குடும்பக்கட்டுப்பாடும் பண்ணியாச்சு. நடுவுல வெயிட் 84 வரைக்கும் ஏறி, சாப்பாட்ட குறைச்சு, ரேஸ்கோர்ஸ்ல நடையா நடந்து 62க்கு கொண்டு வந்தேன், ஒரு வருஷத்துக்கு மேல அதே வெயிட்லதான் நிக்குது. வயிறு இடுப்பெல்லாம் குறைஞ்சதுல சந்தோஷம்தான், ஆனா மார்புல சதை போயிடுச்சு, தோல்தான் மிச்சம். மேல் பக்கம் சப்பை, காம்பு கீழ பாத்துட்டு இருக்கு, மடிப்புக்கு அடியில வேர்த்து வேர்த்து சித்திரை வைகாசில புண்ணாகி பவுடர் போட்டுட்டே திரியறேன். பேட் வெச்ச பிரா போட்டு சமாளிக்கறேன், அதுலயும் மேல கப் காலியா நிக்கும்.

ரெண்டு பிளாஸ்டிக் சர்ஜன பாத்துட்டேன். மொத டாக்டர், தோல குறைச்சு தூக்கி தைக்கறதும் உள்ள 325 சிசி சிலிகான் வைக்கறதும் ஒரே நாள்ல முடிச்சிடலாம், மூணு மணி நேரத்து வேலை, மறுநாள் வீட்டுக்கு போயிடலாம்னு ரொம்ப ஈசியா சொன்னார். ரெண்டாவது பாத்தது ஒரு லேடி டாக்டர், அவங்க டேப் வெச்சு அளந்து பாத்துட்டு, இப்போதைக்கு லிஃப்ட் மட்டும் பண்ணுவோம், ஆறு மாசம் கழிச்சு உனக்கே இம்ப்ளான்ட் வேணும்னு தோணுச்சுன்னா அப்ப வைக்கலாம்ங்கறாங்க. ஒரே தடவன்னா செலவு மூணு லட்சத்துக்கு மேல, பிரிச்சு பண்ணா இன்னும் ஒண்ணேகால் லட்சம் சேரும் போல. வீட்டுக்காரர் உன் இஷ்டம்னு சொல்லிட்டார், ஆனா எதுக்கு ரெண்டு தடவ மயக்க மருந்து குடுத்துக்கணும்னு முணுமுணுக்கறார். எனக்கும் ரெண்டு தடவ லீவு போடறதும், மாமியாருக்கு ரெண்டு தடவ கதை சொல்றதும் ஆகாத காரியம்ங்க. ஒரே தடவையா பண்ணவங்க இருந்தா எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா ஏன் சொல்றாங்கன்னும் புரியல.


பெங்களூர்வாசி:

நான் ஒரே தடவையா பண்ணவ சிஸ், பண்ணி நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு ஒரு குழந்தைதான், உங்க அளவுக்கு தொங்கல, காம்பு மடிப்புக்கு நேரா இருந்துச்சு, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா என் கதைய அப்படியே உங்களுக்கு பொருத்தி பாக்க முடியாது. எனக்கு வெச்சது சின்ன சைஸ், 220 சிசி, நெஞ்சுத் தசைக்கு பாதி அடியில பாதி வெளியன்னு வர்ற மாதிரி டூயல் பிளேன்னு ஒண்ணு பண்ணாங்க. வெட்டு காம்ப சுத்தி இருக்கற கருவளையத்த ஒட்டியும் அங்க இருந்து நேரா கீழயும், லாலிபாப்னு சொல்றாங்களே அது.

மொத ரெண்டு நாள் நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி ஒரு இறுக்கம், வலின்னு கூட சொல்ல முடியாது, மூச்ச இழுத்து விட பயமா இருக்கும். மல்லாக்கதான் படுக்கணும், அதுவும் தலைகாணி அடுக்கி பாதி சாஞ்ச மாதிரி. எனக்கு முதுகு வலிதான் ஆபரேஷன் வலிய விட பெருசா இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க. மேல் ஷெல்ஃப்ல இருக்கற டப்பா எடுக்கறது, குக்கர் மூடிய அமுக்கி மூடறது, கனமான கதவ தள்றது, இதெல்லாம் முடியாது, நெஞ்சு சதை எதெதுக்கெல்லாம் வேலை செய்யுதுன்னு அப்பதான் தெரியும். நைட்டி முன்னாடி ஜிப் வெச்சதா நாலஞ்சு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க, தலை வழியா மாட்டற எதையும் ரெண்டு மூணு வாரத்துக்கு போட முடியாது.

இன்னொண்ணு, யாரும் சொல்லாத விஷயம். ஆரம்பத்துல ரொம்ப மேல ஏறி கழுத்துக்கு கீழ கல்லு வெச்ச மாதிரி விகாரமா இருக்கும், ஐயோ பாழாக்கிட்டாங்கன்னு அழுவீங்க. மூணு மாசத்துல இறங்கி உக்காரும். அது வரைக்கும் கண்ணாடிய நம்பாதீங்க, பிளவுஸும் தைக்க குடுத்துடாதீங்க, நான் கல்யாணத்துக்குன்னு அவசரப்பட்டு தைச்சது எல்லாம் பிரிச்சு தைக்க வேண்டியதாச்சு. இடது பக்க காம்புல ஒரு வருஷம் வரைக்கும் உணர்ச்சியே இல்ல, இப்ப முக்கால்வாசி திரும்பிடுச்சு. தழும்பு கீழ் கோடு மட்டும் லேசா தெரியுது. மொத்தத்துல எனக்கு திருப்திதான்.


நல்லதையேநினை:

அம்மா தாயே தப்பா நினைச்சுக்காதீங்க, ஆண்டவன் குடுத்த உடம்ப கத்தி வெச்சு மாத்தறது எல்லாம் சினிமாக்காரங்களுக்கு, குடும்பப் பெண்களுக்கு எதுக்கு இதெல்லாம், உங்க கணவர் உங்கள அப்படியே ஏத்துக்கறப்ப இந்த மூணு லட்சத்த பிள்ளைங்க பேர்ல எஃப்டி போடலாமே. எளிய உடற்பயிற்சி, எள்ளெண்ணெய் மசாஜ் செஞ்சாலே சரியாகும்.


தியேட்டர்சிஸ்டர்:

@நல்லதையேநினை அண்ணே, அவங்க பண்ணலாமா வேண்டாமான்னு கேக்கல, ஒரு தடவையா ரெண்டு தடவையான்னு கேக்கறாங்க. விரிஞ்சு போன தோல் எண்ணெய் தடவுனா சுருங்காது, எக்ஸர்சைஸ் பண்ணா அடியில இருக்கற சதைதான் கெட்டியாகும், மேல தொங்கற தோல் தொங்கிட்டேதான் இருக்கும். மடிப்புல புண்ணு வந்து அவதிப்பட்டா தெரியும் உங்களுக்கு.

கொங்குமல்லி மேம், நான் பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டர்ல ஸ்க்ரப் நர்ஸா ரொம்ப வருஷமா இருக்கேன். இந்த ரெண்டையும் சேத்து பண்ற கேஸ் எல்லாம் டேபிள்ல பாத்தவங்களுக்கு ஏன் டாக்டருங்க ரெண்டு விதமா பேசறாங்கன்னு புரியும். காலைல பேஷன்ட்ட நிக்க வெச்சுதான் மார்க்கர் பேனால கோடு போடுவாங்க, ஏன்னா படுத்துட்டா எல்லாம் சரிஞ்சு போய் அளவே மாறிடும். அப்புறம் மயக்கம் குடுத்து, பெரும்பாலான சர்ஜன்கள் மொதல்ல இம்ப்ளான்ட்டத்தான் உள்ள வைப்பாங்க. இம்ப்ளான்ட் உக்கார உள்ள ஒரு பை மாதிரி இடம் பிரிச்சு (பாக்கெட்னு சொல்லுவோம்), அளவு பாக்கற டம்மி ஒண்ண வெச்சு பாத்து, சைஸ் முடிவான பிறகுதான் அசல் பெட்டிய பிரிக்க சொல்லுவாங்க. அந்த நேரத்துல தியேட்டர்ல யாரும் உள்ள வெளிய போகக்கூடாது, எல்லாரும் கிளவுஸ் மாத்தணும், மருந்து தண்ணில நனைச்சு, சில இடத்துல கேக் மேல கிரீம் வைக்கற பை மாதிரி ஒரு புனல்ல போட்டு தோல்ல படாம உள்ள தள்ளுவாங்க. தோல்ல இருக்கற கிருமி ஒட்டிக்கிட்டா பின்னாடி இம்ப்ளான்ட்ட சுத்தி உடம்பு போடற உறை இறுகி கல்லா போற வாய்ப்பு ஜாஸ்தி, அதுக்குத்தான் இவ்வளவு கெடுபிடி.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். மயக்கத்துல இருக்கறப்பவே டேபிள நிமித்தி பேஷன்ட்ட உக்காந்த நிலைக்கு கொண்டு வருவாங்க. மிச்சம் இருக்கற தோல மடிச்சு மடிச்சு ஸ்டேப்ளர் பின் போட்டு, சர்ஜன் கால்மாட்டுல தள்ளி நின்னு பாப்பார், ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு. ஒரு பின்ன எடுத்து இன்னொரு இடத்துல போடுவார், திரும்ப தள்ளி நின்னு பாப்பார். இது முடிய அரை மணி நேரம் கூட ஆகும். ஏன்னா தோல வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது. கூட வெட்டிட்டா தையல் இழுத்துக்கும், கம்மியா வெட்டுனா ஆறு மாசத்துல மறுபடி தொங்கும். லிஃப்ட் மட்டும்னா இந்த கணக்கு கொஞ்சம் சுலபம், உள்ள இருந்து ஒண்ணு தள்ளாது பாருங்க.

ஒண்ணு மறக்காதீங்க. இம்ப்ளான்ட் பெட்டில சீரியல் நம்பர், கம்பெனி, சைஸ் எல்லாம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஒண்ணு கேஸ் ஷீட்ல ஒட்டுவோம், இன்னொண்ணு உங்க கார்டுல ஒட்டி தரணும். அத வாங்காம டிஸ்சார்ஜ் ஆகாதீங்க. பத்து வருஷம் கழிச்சு உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வந்து நிக்கறவங்கள பாத்திருக்கேன்.


வைகைக்கரை:

நான் உங்க ரெண்டாவது டாக்டர் சொன்ன மாதிரி பிரிச்சு பண்ணிக்கலாம்னு ஆரம்பிச்சவ. லிஃப்ட் பண்ணி முடிச்சு, கட்டு பிரிச்சு, வீக்கம் வத்தி, நாலஞ்சு மாசம் கழிச்சு கண்ணாடில பாத்தா எனக்கே போதும்னு தோணிருச்சு. தோலுக்குள்ள பரவி கிடந்த சதைய எல்லாம் ஒண்ணா சேத்து மேல தூக்கி வெச்சதுல நான் நினைச்சத விட நல்லாவே இருந்துச்சு. இம்ப்ளான்ட் வேண்டாம்னு சொன்னப்ப டாக்டரும் சரிம்மான்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டாரு, அந்த காசுல மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுனேன். மேல் பக்கம் உப்பலா நிக்கணும்னு ஆசைப்பட்டா மட்டும் லிஃப்ட் பத்தாது, அத ஒத்துக்கறேன், லிஃப்ட் மேல் பக்கத்த நிரப்பாது. எனக்கு அது பெருசா படல.


இரண்டாவதுமுறை:

எனக்கு நடந்தத சொல்லிட்டு போறேன், இதுல இன்னொரு வழியும் இருக்கு, அந்த வழில மட்டும் போயிடாதீங்க. நான் போன கிளினிக்ல (பேர் வேண்டாம்) லிஃப்ட்டே தேவையில்ல, கொஞ்சம் பெரிய இம்ப்ளான்ட் வெச்சா தோல் தானா நிரம்பிடும், தழும்பும் இருக்காதுன்னு சொன்னாங்க. தழும்பு இல்லன்னு சொன்னதுல மயங்கிட்டேன். 375 வெச்சாங்க. இம்ப்ளான்ட் மேல நெஞ்சுல உக்காந்துகிட்டு, என் சொந்த சதை அதுக்கு முன்னாடி கீழ வழிஞ்சு, பக்கவாட்டுல பாத்தா ரெண்டு மேடு. வெயிட்டு வேற தோல இன்னும் இழுத்து விட்டுருச்சு. அப்புறம் வேற ஊர்ல வேற சர்ஜன்கிட்ட போய் அத எடுத்து, சின்னதா மாத்தி, லிஃப்ட்டும் பண்ணி, மொத செலவுக்கு மேல ரெண்டு மடங்கு ஆச்சு. தொங்கற மார்புக்கு இம்ப்ளான்ட் லிஃப்ட் ஆகாதுங்க, பெருசா வெச்சா தூக்கும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. கிளினிக் வாசல்ல காஸ்மெட்டிக் சர்ஜன்னு யார் வேணா போர்டு மாட்டறாங்க, பிளாஸ்டிக் சர்ஜரில எம்சிஎச் இல்லைன்னா டிஎன்பி படிச்சிருக்காங்களான்னு கேட்டு பாருங்க, கேக்க கூச்சமே வேண்டாம்.


கொங்குமல்லி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா சொல்லுவீங்கன்னு நினைக்கல. சிஸ்டர் சொன்ன ஸ்டேப்ளர் விஷயத்த படிச்சிட்டு ரெண்டு நாள் தூக்கமே வரல, ஆனா தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். லேடி டாக்டர் எழுதிக் குடுத்த சீட்ட எடுத்து பாத்தேன், கழுத்துக்குழில இருந்து காம்பு வரைக்கும் வலது 28 செ.மீ, இடது 27, கிரேடு 3னு போட்டிருக்கு. மொத டாக்டர் டேப்பே எடுக்கல, கண்ணால பாத்தே 325ன்னார். இந்த கிரேடுன்னா என்னங்க? சுகர் இல்ல, பிபி இல்ல, ஹீமோகுளோபின் மட்டும் 10.4.


எம்சிஎச்_மாணவன்:

மேம், நான் பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சிட்டு இருக்கேன், உங்கள நேர்ல பாக்காம இதத்தான் பண்ணணும்னு சொல்ல எனக்கு தகுதி இல்ல, விஷயம் என்னன்னு மட்டும் சொல்றேன்.

கிரேடுங்கறது 1976ல ரெக்னோங்கற சர்ஜன் போட்ட கணக்கு, இன்னைக்கும் அதத்தான் எல்லாரும் பயன்படுத்தறோம். மார்புக்கு அடியில இருக்கற மடிப்புதான் அளவுகோல். காம்பு மடிப்பு லெவல்ல இருந்தா 1, மடிப்புக்கு கீழ இறங்கி ஆனா மார்போட அடிப்பாகத்துக்கு மேலயே இருந்தா 2, அடிப்பாகத்துக்கே வந்து கீழ பாத்துட்டு இருந்தா 3. பெங்களூர் மேடமுக்கு இருந்தது 1, உங்களுக்கு 3. 28 செ.மீ.ங்கறதும் சும்மா இல்ல, தொங்காத மார்புல இந்த தூரம் சுமாரா 19ல இருந்து 21 இருக்கும், அப்ப உங்க காம்ப ஆறேழு செ.மீ. மேல ஏத்தணும்.

இப்ப ஏன் ரெண்டு விதமா சொல்றாங்கன்னா, லிஃப்ட்டோட வேலை தோல இறுக்கறது, இம்ப்ளான்ட்டோட வேலை அதே தோல உள்ள இருந்து வெளிய தள்றது. ஒரே நாள்ல ஒரே தோல்ல எதிர் எதிரா ரெண்டு வேலை. இதுல காம்புக்கு போற ரத்த ஓட்டம்தான் எங்களுக்கு பெரிய கவலை. லிஃப்ட் பண்றப்ப காம்ப சுத்தி தோல வெட்டறோம், அடியில இருக்கற சதை வழியா வர்ற ரத்தத்த நம்பித்தான் அது உயிரோட இருக்கு. இம்ப்ளான்ட்டுக்கு பாக்கெட் போடறப்ப அந்த சதையையும் பின்பக்கத்துல இருந்து பிரிக்கறோம், வெச்ச பிறகு அது அமுக்கவும் செய்யுது. காம்பு எவ்வளவு தூரம் நகரணுமோ, இம்ப்ளான்ட் எவ்வளவு பெருசோ, அவ்வளவுக்கு ஆபத்து கூடும். காம்பு கறுத்து செத்துப் போறது அபூர்வம்தான், ஆனா நடந்தா திரும்ப கொண்டு வர முடியாது. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு, கட்டுப்பாட்டுல இல்லாத சுகர் இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம், அவங்களுக்கு சேத்து பண்ண பல பேர் ஒத்துக்கவே மாட்டாங்க.

சேத்து பண்றது தப்புன்னு நான் சொல்ல வரல, அதயும் சொல்லிடணும். வெளிவந்த ஆய்வுகள்ல சேத்து பண்ணவங்கள்ல நூத்துக்கு 10ல இருந்து 20 பேருக்கு மறுபடி ஏதாவது ஒரு சின்னதோ பெருசோ ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கு, சில இடத்துல அதுக்கு மேலயும். பயமா தெரியும், ஆனா சேத்து பண்ற சர்ஜன்கள் திருப்பி கேக்கற கேள்வியும் நியாயமானது: பிரிச்சு பண்ணா நூத்துக்கு நூறு பேரும் ரெண்டாவது தடவ டேபிள் ஏறணுமே, இங்க எண்பது பேர் ஒரே தடவைல முடிச்சுடறாங்களே? கிரேடு 1, 2, தோல் நல்லா இருக்கு, சின்ன இம்ப்ளான்ட்னா இந்த வாதம் செல்லும். வெயிட் குறைஞ்சு தளந்த தோல், கிரேடு 3, 325 சிசின்னா எனக்கு சந்தேகமா இருக்கு. 325 சிசி ஜெல்னா ஒரு பக்கத்துக்கு முந்நூறு கிராமுக்கு மேல வெயிட். 22 கிலோ குறைஞ்சப்பவே நீட்சி விட்டுப்போன தோல் அத எத்தன வருஷம் தாங்கும்? மொத டாக்டர்கிட்ட திரும்ப போனா இதத்தான் கேளுங்க, ஏன் 325, மார்போட அகலம் அளந்தீங்களா, காம்பு எவ்வளவு ஏறும், சரியா வரலன்னா மறு ஆபரேஷன் செலவு யாரோடதுன்னு.

இன்னொரு வழி ரெண்டு டாக்டருமே சொல்லாத மாதிரி தெரியுது. கிரேடு 3ல கீழ் பக்கம் வெட்டி எறியற இடத்துல சதை இருந்தா, அத வெளிய எடுக்காம மேல மடிச்சு வெச்சு நெஞ்சுல தைக்கறது உண்டு, சொந்த சதையே இம்ப்ளான்ட் வேலைய கொஞ்சம் பாக்கும். சதை ரொம்ப கம்மின்னா பெருசா வித்தியாசம் தெரியாது. கேட்டு பாருங்க.

இம்ப்ளான்ட் ஒரு தடவ வெச்சா ஆயுசுக்கும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல மருந்து, மருத்துவ சாதனம் எல்லாம் கண்காணிக்கற எஃப்டிஏ 2021ல இம்ப்ளான்ட்டோட விவரக் குறிப்புல கட்டம் கட்டி எச்சரிக்கை போட சொன்னதுல இதுவும் ஒண்ணு, இது வாழ்நாள் சாதனம் இல்ல, நாளாக நாளாக சிக்கல் வர்ற வாய்ப்பு கூடும்னு. சிலிகான் ஜெல் சத்தமில்லாம உள்ளயே கிழியலாம், வெளிய தெரியாது, அதனால அஞ்சாறு வருஷத்துல ஒரு அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, பிறகு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவன்னு சொல்றாங்க. மேற்பரப்பு சொரசொரப்பா இருக்கற டைப்ல ஒரு அபூர்வ வகை லிம்போமா (நிணநீர் புற்றுநோய்) வந்துதான் 2019ல அல்லர்கன் கம்பெனி தன்னோட பயோசெல் வகைய உலகம் முழுக்க திருப்பி வாங்குச்சு. வைக்கறதா முடிவு பண்ணா வழவழப்பா சொரசொரப்பான்னு கேட்டு எழுதி வாங்குங்க.

ஹீமோகுளோபின் 10.4ஓட, இந்த மாதிரி நாமளா தேதி குறிச்சு பண்ற (எலெக்டிவ்) சர்ஜரிக்கு அவசரப்படாதீங்க, இரும்புச்சத்து மாத்திரை போட்டு ஏத்திட்டு வாங்க. நாப்பதுக்கு கிட்ட வந்துட்டீங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட் ஒரு தடவ எடுத்து வெச்சுக்கறது நல்லது, பின்னாடி எது புதுசு எது தையலால வந்த கட்டின்னு ஒப்பிட உதவும். இம்ப்ளான்ட் வெச்சா மேமோகிராம் எடுக்கறவங்ககிட்ட மொதல்லயே சொல்லிடணும், அத பின்னுக்கு தள்ளி தனி கோணத்துல கூடுதல் படம் எடுக்கணும்.


பெங்களூர்வாசி:

@எம்சிஎச்_மாணவன் இவ்வளவு தெளிவா என் டாக்டர் கூட சொல்லல தம்பி, நல்லா வருவீங்க. எனக்கு செக்கப் டைம் நெருங்குதுன்னு ஞாபகப்படுத்திட்டீங்க.


கணக்குப்பிள்ளை_வடசென்னை:

பணத்த பத்தி யாருமே பேசல, நான் பேசறேன். இன்ஷூரன்ஸ் எந்த கம்பெனியா இருந்தாலும் அழகுக்கு பண்ற ஆபரேஷனுக்கு தர மாட்டாங்க, பாலிசில விலக்குன்னு தனி வரியே இருக்கும். மடிப்புல புண்ணு வருதுன்னு லெட்டர் வாங்கி அனுப்பி பாத்த ஆளுங்களும் இருக்காங்க, பெரும்பாலும் நிராகரிச்சுதான் வரும். கேன்சர்ல மார்பு எடுத்தவங்களுக்கு திரும்ப உருவாக்கறது, விபத்து தீக்காயம், இதுக்கெல்லாம் கணக்கு வேற. கொட்டேஷன்ல பாக்க வேண்டியது, அழகு சிகிச்சைக்கு ஜிஎஸ்டி உண்டு, அது சேத்து சொன்னாங்களா சேக்காம சொன்னாங்களா, மயக்க டாக்டர் ஃபீஸ், இம்ப்ளான்ட் விலை, ஆபரேஷனுக்கு அப்புறம் போடற ஸ்பெஷல் பிரா, இதெல்லாம் உள்ளயா வெளியவான்னு. வாயால சொல்ற பேக்கேஜ நம்பாதீங்க, எழுதி வாங்குங்க.

கையில காசு இல்லாதவங்க இத படிச்சா ஒரு தகவல். 2018ல நம்ம சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரில மார்பக ஆபரேஷன் இலவசமா பண்றோம்னு ஆரம்பிச்சாங்க, பிபிசி வரைக்கும் நியூஸ் வந்துச்சு. அப்ப சுகாதார அமைச்சரா இருந்த விஜயபாஸ்கர், ஏழைங்களுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக்கூடாதுன்னு கேட்டார், இன்னொரு பக்கம் தொற்றுநோயெல்லாம் கிடக்கறப்ப இதுக்கா செலவுன்னு திட்டும் விழுந்துச்சு. ரொம்ப பெருசா இருந்து முதுகு வலி வர்றவங்க, ஒரு பக்கம் சின்னதா இருக்கறவங்க, இவங்களுக்கு எல்லாம் அரசு ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜரி ஓபில போய் காட்டறதுல தப்பே இல்ல, அங்க கை தேர்ந்த ஆளுங்க இருக்காங்க. க்யூ மட்டும் நிக்கணும்.


தியேட்டர்சிஸ்டர்:

தழும்பு பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. கிரேடு 3ன்னா பெரும்பாலும் நங்கூரம் ஷேப்ல வெட்டு வரும், கருவளையத்த சுத்தி, நேரா கீழ, அப்புறம் மடிப்பு நெடுக. அந்த நேர்கோடும் மடிப்புக் கோடும் சேர்ற இடத்துல தையல் லேசா பிரிஞ்சு கசியறது ரொம்ப சகஜம், சின்னதா இருந்தா டிரெஸ்ஸிங் பண்ணியே மூடிடும், பயந்துடாதீங்க. உள்ள இம்ப்ளான்ட் இருக்கறப்ப அதே இடம் பிரிஞ்சா கதை வேற, கிருமி உள்ள போய் இம்ப்ளான்ட்டையே எடுக்க வேண்டி வரலாம், லிஃப்ட் மட்டும் பண்ணவங்களுக்கு அந்த பயம் இல்ல. உங்க பழைய தழும்ப பாருங்க, சிசேரியன் கோடோ கையில பிசிஜி ஊசி போட்ட இடமோ தடிச்சு மேல எழும்பி அரிப்பெடுக்குதா? நம்ம நிறத்துக்கு அந்த மாதிரி வர்றது கொஞ்சம் ஜாஸ்தி. அப்படின்னா சர்ஜன்கிட்ட முன்னாடியே சொல்லுங்க, சிலிகான் ஷீட், தேவைப்பட்டா ஊசின்னு ஆரம்பத்துலயே பாத்துக்கலாம்.


கொங்குமல்லி:

சிசேரியன் தழும்பு மெல்லிசா வெள்ளக்கோடா தான் இருக்குங்க, தப்பிச்சேன்.

நானும் வீட்டுக்காரரும் இத மொத்தத்தையும் சேந்து உக்காந்து படிச்சோம். அவரே சொல்லிட்டார், டேப் எடுத்த டாக்டர்கிட்டயே போவோம்னு. அடுத்த வாரம் அவங்ககிட்ட போய் அந்த சொந்த சதைய மடிச்சு வைக்கறது எனக்கு ஆகுமான்னு கேக்க போறேன், மொதல்ல லிஃப்ட் மட்டும்தான், இம்ப்ளான்ட் அப்புறம் பாத்துக்கலாம். மாத்திரை வாங்கியாச்சு, மேமோகிராமுக்கும் டோக்கன் போட்டாச்சு. மேல் பக்கம் உப்பலா இருக்கணும்ங்கற ஆசை எனக்கு இன்னும் இருக்குங்க, பொய் சொல்ல மாட்டேன், வைகைக்கரை அக்கா மாதிரி போதும்னு தோணுமான்னு தெரியல, தோணலைன்னா ஆறு மாசம் கழிச்சு திரும்ப இதே இடத்துல வந்து சிசி கணக்கு கேப்பேன். மாமியார்கிட்ட கட்டி எடுத்தாங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன், வீட்டுக்காரர் வேண்டாம், கட்டின்னா ஊரெல்லாம் போன் போட்டு ஒப்பாரி வெச்சிருவாங்க, புண்ணு ஆறாததால ஆபரேஷன்னு இருக்கறதையே சொல்லிக்கலாம்ங்கறார். கடைசியா ஒரே ஒரு கேள்வி, பசங்கள ஸ்கூட்டில ஸ்கூலுக்கு விடறது நான்தான், லிஃப்ட் மட்டும்னா எப்ப வண்டி ஓட்டலாம்?


வைகைக்கரை:

எனக்கு மூணு வாரம் கழிச்சு ஓட்டலாம்னாங்க, அதுவும் டாக்டர் தையல பாத்துட்டு. ஓட்டறது பிரச்சனை இல்ல, ஸ்பீட் பிரேக்கர்லயும் பள்ளத்துலயும் தூக்கி போடுமே அதுலதான் உசுரு போகும், அப்புறம் வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போடறத ரெண்டு மாசத்துக்கு மறந்துருங்க. அது வரைக்கும் ஸ்கூல் ஆட்டோ பேசி விட்டுருங்க, சாயங்காலம் கூப்புடறதுக்கும் சேத்து பேசுங்க, பின்னாடி உக்கார்ற சின்னவன் இடுப்ப விட்டுட்டு நெஞ்ச கட்டிப்பிடிப்பான்.


கொங்குமல்லி:

ஐயோ ஆமாங்க, அவன் அப்படித்தான் பிடிப்பான். எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன்கிட்ட இன்னைக்கே பேசிடறேன்.